கைவலிக்கு ஓர் அளவுகோல்

“கை இப்போது எப்படி இருக்கிறது?” என்று வைத்தியர் கேட்கிறார். “தேவலை” என்கிறார் நோயாளி. வைத்தியர் தம் குறிப்பேட்டில் ‘குணம்’ என்று எழுதிக்கொண்டு அடுத்தவரை அழைக்கிறார். நோயாளியோ வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு மகனைக் கூப்பிடுகிறார். எந்தத் தேசத்து ஆஸ்பத்திரியிலும் தினந்தோறும் நடைபெறுகிற சம்பாஷணைதான் இது. இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்மை மட்டும் வெளிவராமலே போய்விட்டது.

அரபு நாடுகளில் இந்தச் சம்பாஷணைக்கு இன்னும் ஒரு விசேஷம் உண்டு. “சுகமா?” என்று கேட்டால், “அல்ஹம்து லில்லாஹ்”, அதாவது “இறைவனுக்கே புகழ்” என்று விடை கூறுவது அங்கே வழக்கம். உடம்பு நன்றாக இருந்தாலும் அதுதான் விடை. நோயில் கிடந்தாலும் அதுதான் விடை. மனிதனுடைய பொறுமைக்கும் பக்திக்கும் அடையாளமான அழகிய வார்த்தை அது. ஆனால், முறிந்த மணிக்கட்டு எவ்வளவு தூரம் கூடியிருக்கிறது என்பதை அந்த வார்த்தையிலிருந்து எந்த வைத்தியரும் கண்டுகொள்ள முடியாது.

அப்படியானால் எப்படித்தான் கண்டுகொள்வது? இந்தச் சிறிய கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகள் எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள் என்பதும், அந்த விடையை அரபு மொழிக்குக் கொண்டுபோவதற்கு என்னென்ன பரீட்சைகள் வேண்டியிருந்தன என்பதும் சுவையான வரலாறு. அதையே இக்கட்டுரையில் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கருவி காட்டாத துன்பம்

காய்ச்சலை அளக்க உஷ்ணமானி இருக்கிறது. இரத்தத்தின் அழுத்தத்தை அளக்க வேறொரு கருவி இருக்கிறது. கைக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. முழங்கை எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்க்கக் கோணமானி உண்டு. பிடியின் வலிமையைக் காட்டும் முள் வைத்த கருவி உண்டு. எலும்பின் நிலையைக் காட்ட எக்ஸ்ரே படம் உண்டு. இவையெல்லாம் அவசியமானவையே. ஆனால் இவை கையை அளக்கின்றனவே தவிர, அந்தக் கையைக் கொண்டு ஒருவர் நடத்துகிற வாழ்க்கையை அளப்பதில்லை.

இருவருடைய எக்ஸ்ரே படங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கணக்கு எழுதுகிறவர், மற்றவர் தச்சர். முதலாமவர் இரண்டே வாரங்களில் தம் நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறார். இரண்டாமவர் இழைப்புளியைப் பிடிக்க முடியாமல் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். படம் ஒன்றுதான், துன்பம் ஒன்றல்ல. ஆகவே, இந்த விஷயத்தில் மிகவும் நம்பத்தக்க சாட்சி அந்தக் கைக்கு உரியவரே என்ற முடிவுக்கு வைத்திய உலகம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதுதான் பாக்கி.

முப்பது கேள்விகள்

1996-ஆம் வருஷத்தில், கானடாவின் டொரான்டோ நகரிலுள்ள தொழிலும் ஆரோக்கியமும் பற்றிய ஆராய்ச்சி நிலையமும், அமெரிக்க எலும்பு அறுவை வைத்தியர்களின் கழகமும் சேர்ந்து ஒரு கேள்விப் பத்திரத்தை வெளியிட்டன. புயம், தோள், கை ஆகியவற்றின் குறைபாடுகளைப் பற்றியது என்பதைக் குறிக்கும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, அதற்கு ‘டாஷ்’ என்று பெயர் வைத்தார்கள். தோளிலிருந்து விரல் நுனி வரையில் எந்த இடத்தில் நோய் இருந்தாலும் இந்த ஒரே பத்திரம் போதும் என்பது இதன் சிறப்பு.

இதில் இருப்பவை முப்பது கேள்விகள். “சுகமா?” என்ற கேள்வி அவற்றில் இல்லை. இறுகிய மூடியுள்ள ஜாடியைத் திறக்க முடிகிறதா? சாவியைத் திருப்ப முடிகிறதா? எழுத முடிகிறதா? சமையல் செய்ய, கனத்த கதவைத் தள்ள, தலைக்கு மேலுள்ள அலமாரியில் ஒரு பொருளை வைக்க, முதுகு தேய்த்துக் குளிக்க, படுக்கை விரிக்க, கடைப் பையைத் தூக்கி வர முடிகிறதா? இப்படிச் சென்ற ஒரு வார காலத்து வாழ்க்கையைக் கேள்விகள் அங்குலம் அங்குலமாகத் துருவுகின்றன. பிறகு வலி, மதமதப்பு, பலவீனம், விறைப்பு, தூக்கக் கேடு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கின்றன. கடைசிக் கேள்வி சற்று நெஞ்சைத் தொடுவது. கையின் குறையினால் தம்மைத் திறமை குறைந்தவராகவோ, பிறருக்குப் பயன் குறைந்தவராகவோ நோயாளி நினைக்கிறாரா என்று அது விசாரிக்கிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரையில் விடை எண்கள் உண்டு. சிரமமே இல்லை என்றால் ஒன்று. செய்யவே முடியவில்லை என்றால் ஐந்து. விடைகளைக் கூட்டி, விடை கூறிய கேள்விகளின் தொகையால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, இருபத்தைந்தால் பெருக்க வேண்டும். முப்பது விடைகளின் கூட்டுத்தொகை 75 என்றால் சராசரி 2.5, ஒன்றைக் கழித்தால் 1.5, இருபத்தைந்தால் பெருக்கினால் 37.5. குறையே இல்லாத கைக்குப் பூஜ்யம். முற்றிலும் முடங்கிய கைக்கு நூறு. மூன்று கேள்விகள் வரையில் விடையின்றி விடலாம். நான்கு விட்டுப்போனால் மதிப்பெண் இல்லை. அவசரக்காரர்களுக்காகப் பதினொரு கேள்விகளே உள்ள சுருக்கப் பதிப்பு ஒன்றும் 2005-ஆம் வருஷத்தில் வெளிவந்தது.

‘தேவலை’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘37.5’ என்ற எண் கிடைத்துவிட்டது. சிகிச்சைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு நாட்டின் சிகிச்சை முறையை இன்னொரு நாட்டின் முறையோடு சீர்தூக்கலாம். பத்திரத்தின் புகழ் பரவிற்று. பல பாஷைக்காரர்களும் அதைத் தங்கள் பாஷைக்குக் கொண்டுபோக முற்பட்டார்கள். அரபு மொழியினரும் அவ்வாறே முற்பட்டார்கள்.

பாக்தாதின் பழைய பாடம்

“இதில் என்ன கஷ்டம்? ஆங்கிலமும் அரபும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஒரு மாலை நேரத்தில் மொழிபெயர்த்துவிட மாட்டாரா?” என்று நேயர்கள் கேட்கலாம். மொழிபெயர்த்துவிடுவார். ஆனால் அவர் கொடுப்பது அளவுகோலாக இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

இந்தச் சந்தேகம் அரபு உலகத்துக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற வைத்தியர் இருந்தார். 809-ஆம் வருஷத்தில் பிறந்து 873-இல் காலமான அவர், காலென் என்ற கிரேக்க வைத்திய மேதையின் நூல்களை ஸிரியக் மொழியிலும் அரபு மொழியிலும் பெயர்த்தார். காலென் நூல்களின் மொழிபெயர்ப்புக்களைப் பற்றி அவர் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் 129 நூல்களைப் பற்றிய விவரம் காணப்படுகிறது. ஒரே பிரதியை நம்பாமல், பல பிரதிகளைத் தேடிச் சேகரித்து ஒப்பிட்டுப் பாடத்தைத் திருத்திக்கொள்வது அவர் வழக்கம். சொல்லுக்குச் சொல் வைக்காமல், வாக்கியத்தின் கருத்தை முழுமையாக வாங்கிக்கொண்டு அதையே அரபில் சொல்வது அவருடைய முறை என்று பிற்காலத்து அரபு ஆசிரியர்கள் போற்றியிருக்கிறார்கள்.

கேள்விப் பத்திரங்களை ஒரு பாஷையிலிருந்து மற்றொரு பாஷைக்குக் கொண்டுவருவதற்கு 2000-ஆம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் வகுத்து வெளியிட்ட விதிகளைப் பார்க்கும்போது, ஹுனைனின் எச்சரிக்கை உணர்ச்சி நமக்கு நினைவு வருகிறது. அந்த விதிகளின்படி, முதலில் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்கக் கூடாது! வைத்தியம் அறியாத அந்த இரண்டாமவர்தான் ஜனங்கள் பேசுகிற வார்த்தையைக் கொண்டுவந்து சேர்ப்பார். பிறகு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அப்பால், மூலத்தைக் கண்ணால் காணாத இருவர் அந்த அரபு வாசகத்தை மறுபடியும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். போன பொருளே திரும்பி வந்ததா, வழியில் மாறிவிட்டதா என்பது அப்போது வெளியாகிவிடும். பிறகு வைத்தியர்களும் பாஷை அறிந்தவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கூடி ஒவ்வொரு வரியையும் விவாதிக்க வேண்டும். கடைசியாக, முப்பது நாற்பது நோயாளிகளிடம் கொடுத்து, “இந்தக் கேள்வியை நீங்கள் என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?” என்று விசாரிக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் உண்மையான பரீட்சையே ஆரம்பமாகிறது!

எந்த அரபு?

முதல் பிரச்னை: எந்த அரபு? அரபு நாடுகள் அனைத்துக்கும் பொதுவான இலக்கிய அரபு ஒன்று இருக்கிறது. பத்திரிகைகளும் புஸ்தகங்களும் பிரசங்கங்களும் அதில்தான் நடக்கின்றன. ஆனால் எந்தத் தாயும் குழந்தையை அந்த நடையில் தாலாட்டுவதில்லை. எகிப்தின் பேச்சு வேறு, சிரியாவின் பேச்சு வேறு, பாரசீக வளைகுடாவின் பேச்சு வேறு, மொராக்கோவின் பேச்சு முற்றிலும் வேறு. செந்தமிழையும் பேச்சுத் தமிழையும் இரு கைகளிலும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. இலக்கிய நடையில் எழுதினால் எல்லா நாட்டிலும் செல்லும். ஆனால் பள்ளிக்கூடம் அதிகம் காணாத கிழவருக்குச் சில இடங்களில் தடுக்கும். பேச்சு நடையில் எழுதினால் அவருக்கு இனிக்கும். எல்லையைத் தாண்டினால் செல்லாது.

அற்பமான ஜாடியையே எடுத்துக்கொள்வோம். சிரியாவிலும் லெபனானிலும் கண்ணாடி ஜாடிக்கு ‘மர்தபான்’ என்று பெயர். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்திலிருந்து ஒரு காலத்தில் மெருகிட்ட ஜாடிகள் கப்பலேறிச் சென்றதால் வந்த பெயர் அது. எகிப்திலோ அதுவே எழுத்து இடம் மாறி ‘பர்தமான்’ ஆகிவிட்டது. ஜாடியின் மூடியைத் திறக்கும் கேள்விதான் பத்திரத்தின் முதல் கேள்வி. முதல் வரியிலேயே நோயாளி “இது என்ன வார்த்தை?” என்று தயங்கினால், மற்ற இருபத்தொன்பது கேள்விகளின் கதி என்ன ஆகும்?

இரண்டாவது பிரச்னை, ‘கை’ என்ற சொல்லே. ஆங்கிலத்தில் புயத்துக்கு ஒரு சொல், மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைக்கு ஒரு சொல். அரபில் ‘யத்’ என்ற சொல் சாதாரணமாகக் கையைக் குறிக்கும். ஆனால் விரல் நுனியிலிருந்து தோள் வரையில் முழுவதையும் குறிக்கவும் அது இடம் கொடுக்கும். தமிழில் ‘கை’ என்பதும் அப்படித்தானே! “கை வலிக்கிறது” என்று ஒருவர் சொன்னால் விரலா, முழங்கையா, தோளா என்று நாமும் மறுபடி கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. கையின் குறையை அளக்கிற பத்திரத்தில் இது தெளிவாக இராவிட்டால் அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

மூன்றாவது, ஆணும் பெண்ணும். அரபில் முன்னிலையில் ஒருவரைப் பார்த்து, “உன்னால் முடிகிறதா?” என்று கேட்கும்போது, ஆணுக்கு ஒரு வினை, பெண்ணுக்கு வேறு வினை. எல்லாவற்றையும் ஆண்பாலில் எழுதிவிட்டால், சமையலையும் கூந்தல் அலம்புவதையும் பற்றிய கேள்விகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்று படிக்கிற பெண்மணி யோசிப்பாள். நல்ல வேளையாக அரபில் தொழிற்பெயர் செல்வமாக இருக்கிறது. ‘திறத்தல்’, ‘எழுதுதல்’, ‘தூக்குதல்’ என்று எழுதிவிட்டால் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாகிவிடும்.

நான்காவது, பக்கத்தின் திசை. அரபு எழுத்து வலத்திலிருந்து இடமாகச் செல்வது. ஆகவே ‘சிரமம் இல்லை’ என்ற கட்டம் ஆங்கிலப் பத்திரத்தில் இடப்பக்கம் முதலில் வருவதுபோல, இதில் வலப்பக்கம் முதலில் வர வேண்டும். கட்டங்களைத் திருப்பாமல் வார்த்தைகளை மட்டும் மாற்றிவிட்டால், நலமாக இருப்பவர் முடங்கியவராகவும், முடங்கியவர் நலமாகவும் கணக்கில் ஏறிவிடக் கூடும். இலக்க எழுத்துக்களிலும் ஒற்றுமை இல்லை. கிழக்கு அரபு நாடுகளில் வழங்கும் இலக்கங்கள் வேறு; மொராக்கோ முதலிய மேற்கு நாடுகளில் நாம் எழுதுகிற 1, 2, 3 என்பவையே வழங்குகின்றன.

பழக்கமும் நாணமும்

இவையெல்லாம் சொல்லின் சங்கடங்கள். வாழ்க்கையின் சங்கடங்கள் இதைவிடப் பெரியவை.

மூலப் பத்திரம் வட அமெரிக்க வாழ்க்கையில் பிறந்தது. பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்கும்போது அது கோல்ப், டென்னிஸ், பறக்கும் தட்டு முதலியவற்றை உதாரணம் காட்டுகிறது. நைல் நதிக்கரை உழவர் இவற்றில் எதை ஆடியிருப்பார்? கத்தியால் உணவை அறுப்பதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. ரொட்டியைக் கையால் பிய்த்து உண்ணுகிறவருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்? உடம்பில் இறுக்கமாகப் படியும் கம்பளிச் சட்டையைத் தலை வழியாக அணிவதைப் பற்றி மற்றொரு கேள்வி. வளைகுடா நாட்டின் வெயிலில் கம்பளிச் சட்டைக்கு வேலை குறைவு. ஆனால் அங்கே அணியும் நீண்ட அங்கியும் தலை வழியாகத்தான் இறங்குகிறது. இத்தகைய இடங்களில், தோளுக்கு ஒரே அளவு உழைப்பைத் தருகிற உள்ளூர்ப் பொருளைக் கண்டுபிடித்து வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

எந்தக் கையால் செய்தாலும் சரி, வேலையைச் செய்ய முடிகிறதா என்பதையே பார்த்து விடை எழுத வேண்டும் என்பது பத்திரத்தின் விதி. மேல்நாட்டாருக்கு இது சரியாகத் தோன்றலாம். வலக்கையால் மட்டுமே உண்ணவேண்டும் என்பது மதாசாரமாக உள்ள முஸ்லிம் குடும்பத்தில், வலக்கை முடங்கியவர் இடக்கையால் உண்ண நேர்வது வெறும் அசௌகரியம் அன்று. விருந்தில் பத்துப் பேர் நடுவே தலை குனிவது. அந்தக் குனிவை எந்த எண்ணும் காட்டுவதில்லை. இதை நம் வீட்டுப் பெரியவர்கள் எவரும் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

தொழுகையையும் நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் ஐந்து வேளை, முழங்கை வரையில் நீரால் கழுவிக்கொண்டு, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி ஸஜ்தா செய்கிற மனிதருக்கு, மணிக்கட்டின் பலத்தை அறிய அதைவிடச் சிறந்த பரீட்சை வேறில்லை. ஆனால் முப்பது கேள்விகளில் அது இல்லை. புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்துவிடலாமே என்றால், சேர்த்த மாத்திரத்தில் அந்த மதிப்பெண் மற்ற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாததாகிவிடும். உள்ளூருக்கு முற்றிலும் பொருந்த வேண்டும் என்ற ஆசைக்கும், உலகத்தோடு ஒத்த அளவாக இருக்க வேண்டும் என்ற அவசியத்துக்கும் இடையே ஓயாத இழுபறி இது.

கடைசியாக நாணம். இருபத்தொன்றாவது கேள்வி தாம்பத்திய வாழ்வைப் பற்றியது. அரபு நாடு மட்டுமல்ல, பல நாடுகளில் பலர் இந்தக் கேள்விக்கு விடை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். மூன்று கேள்விகள் வரையில் விடலாம் என்ற விதி இங்கே கை கொடுக்கிறது. ஆனால் கேள்வியைக் கண்டதும் மனம் சுளித்துப் பத்திரத்தையே ஒதுக்கி வைத்துவிடுகிறவருக்கு எந்த விதி கை கொடுக்கும்? ஆகையால் வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த மரியாதை வேண்டும்.

தராசுக்குப் பரீட்சை

மொழிபெயர்ப்பு முடிந்தது. இனித் தராசைச் சோதிக்க வேண்டும். கடைத்தெருவில் தராசைச் சோதிக்க முத்திரையிட்ட படிக்கற்கள் உண்டு. துன்பத்துக்குப் படிக்கல் ஏது? எனவே, விஞ்ஞானிகள் சுற்றுவழியாகச் சில பரீட்சைகளை ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

முதற் பரீட்சை, கேள்விகளுக்குள் ஒற்றுமை. முப்பது கேள்விகளும் ஒரே துன்பத்தை அளப்பவையானால், ஒன்றில் அதிகச் சிரமம் சொல்கிறவர் மற்றவற்றிலும் பெரும்பாலும் அவ்வாறே சொல்ல வேண்டும். லீ கிரான்பாக் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1951-ஆம் வருஷத்தில் இதற்கு ‘ஆல்பா’ என்ற ஓர் எண்ணைப் பிரபலப்படுத்தினார். அது 0.70-க்குக் குறைந்தால் கேள்விகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன என்று அர்த்தம். 0.95-க்கு மேல் போனாலும் ஆபத்துதான். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு நோயாளியின் நேரத்தை வீணாக்குகிறோம் என்று பொருள்!

இரண்டாவது பரீட்சை, நிலைபேறு. இன்று ஒரு முறையும், சில தினங்கள் கழித்து மறுமுறையும் அதே நோயாளியிடம் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். கையின் நிலை மாறாதிருந்தால் மதிப்பெண்ணும் மாறாதிருக்க வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் முன்பு எழுதிய விடை நினைவில் நிற்கும். மிகக் கூடினால் கையே குணமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நாளைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. பலரைச் சேர்த்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு இந்த ஒற்றுமை எண் 0.70 இருந்தால் போதும் என்பார்கள். ஒரு தனி மனிதருடைய சிகிச்சையை அதை நம்பி நிச்சயிப்பதானால் 0.90 ஆவது வேண்டும் என்பது பலருடைய கொள்கை. கூட்டத்தைப் பற்றிச் சற்றுத் தவறினாலும் சராசரியில் மறைந்துவிடும். தனி ஒருவரைப் பற்றிய தவறு அவர் தலையில் அல்லவா விடியும்!

மூன்றாவது பரீட்சை, அளக்க வந்ததைத்தான் அளக்கிறதா என்பது. இதற்கு வேறு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். பத்து செண்டிமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்றைக் கொடுத்து, “உங்கள் வலி எந்த இடத்தில் இருக்கிறது?” என்று புள்ளி வைக்கச் சொல்வது ஒரு முறை. பொது ஆரோக்கியத்தைப் பற்றி முப்பத்தாறு கேள்விகள் உள்ள வேறொரு பத்திரம் இருக்கிறது. அதன் அரபு வடிவம் ஸௌதி அரேபியாவில் பரீட்சிக்கப்பட்டு 1998-ஆம் வருஷத்திலேயே அறிக்கையும் வெளியாயிற்று. நம் கைப் பத்திரத்தின் மதிப்பெண், தேக வலியைப் பற்றிய பகுதியோடு நெருங்கியும், மனநிலையைப் பற்றிய பகுதியோடு சற்று விலகியும் செல்ல வேண்டும். எது நெருங்கும், எது விலகும் என்பதைக் கணக்குப் போடுமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும். அம்பு எய்த பிறகு அது தைத்த இடத்தில் வட்டம் வரைவது நியாயமன்று.

நான்காவது, இரு கோடிகள். நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் பூஜ்யத்திலோ நூறிலோ போய்க் குவிந்தால், அந்த அளவுகோலின் நீளம் போதவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது, மாற்றத்தை உணரும் சக்தி. அறுவைச் சிகிச்சைக்கு முன் 60 இருந்து, பின் 58 ஆனால் அது குணமா, கணக்கின் நடுக்கமா? பொதுவாகப் பத்து முதல் பதினைந்து வரையில் எண் இறங்கினால்தான் நோயாளி தாமே உணரத்தக்க நன்மை ஏற்பட்டதாகச் சொல்லலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலருடைய அபிப்பிராயம்.

அரபுப் பத்திரத்தின் தயாரிப்பும் முதற் சோதனையும் 2010-ஆம் வருஷத்தில், கைச் சிகிச்சைக்கென்றே நடைபெறும் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயின. குவைத் நாட்டைச் சேர்ந்த ஆராய்ச்சியின் பலன் அது. நிலைபேறு, உண்மைப்பாடு, மாற்றத்தை உணரும் சக்தி ஆகியவற்றைப் பரீட்சித்த கட்டுரை 2016-இல் வெளிவந்து, பத்திரம் நம்பிக் கையாளத் தக்கது என்று தெரிவித்தது. மூலம் பிறந்து இருபது வருஷம் கழித்து, அரபு பேசும் நோயாளியின் கையில் பரீட்சையில் தேறிய அளவுகோல் ஒன்று வந்து சேர்ந்தது.

யாருக்கு என்ன லாபம்?

இத்தனை உழைப்பும் எதற்காக என்று சிலர் எண்ணலாம். ஓர் எண் தவறினால் என்ன நேரும் என்று யோசித்துப் பார்த்தால் விளங்கும். கையின் நரம்பு அழுந்தியிருக்கும் தையற்காரி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கேள்வி புரியாமல் அவள் எழுதிய விடைகளால் 50 இருக்க வேண்டிய இடத்தில் 25 விழுந்துவிட்டால், அவளுக்கு அவசரம் இல்லை என்று வைத்தியர் நினைக்கலாம். தொழிற்சாலையில் தோள் நொறுங்கிய தொழிலாளி, தம் துன்பத்தைப் பிறர் நம்பும்படி எடுத்துச் சொல்ல இந்த எண்ணின் உதவி தேவைப்படலாம். கோணமானியும் எக்ஸ்ரேயும் வைத்தியரின் சாட்சிகள். இந்தப் பத்திரம் ஒன்றுதான் நோயாளியின் வாக்குமூலம். வாக்குமூலம் அவருக்குத் தெரியாத பாஷையில் எழுதப்பட்டால் அது யாருடைய வாக்குமூலம்?

இங்கே நம்மவர்களையும் நினைக்காதிருக்க முடியவில்லை. வளைகுடா நாடுகளில் கட்டடங்களை எழுப்புகிற கைகளில் தமிழர் கைகளும் உண்டு; மலையாளிகள், வங்காளிகள், நேபாளிகள் கைகளும் உண்டு. சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட இராமநாதபுரத்துத் தொழிலாளியிடம் அரபுப் பத்திரத்தை நீட்டினால், அது எவ்வளவு பரீட்சையில் தேறியதாக இருந்தாலும் அவருக்கு ஊமைப் பத்திரமே. பக்கத்திலிருப்பவர் படித்துச் சொல்லலாம். ஆனால் மேஸ்திரியின் முன்னிலையில், “செய்யவே முடியவில்லை” என்று சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வரும்? எழுத்தறியாத முதியவர்களுக்கும் இதே தொல்லை. தனியே எழுதுகிற விடைக்கும், பிறர் கேட்கச் சொல்கிற விடைக்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே, படித்துக் காட்டிக் கேட்பதானால் அந்த முறையையும் தனியே பரீட்சிப்பதே நியாயம்.

ஒரு பாஷையில் கவிதையும் காவியமும் இருந்தால் மட்டும் அது வளர்ந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாஷையைப் பேசுகிற ஏழை ஒருவர், ஆஸ்பத்திரியின் பெஞ்சியில் உட்கார்ந்து, தம் துன்பத்தைத் தம் வார்த்தையிலேயே சொல்லி, அது சரியாகக் கணக்கில் ஏற வேண்டும். காலென் நூல்களுக்காகப் பிரதி பிரதியாகத் தேடியலைந்த ஹுனைனின் மொழி, ஒரு ஜாடி மூடிக்காகவும் அதே சிரத்தையை எடுத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டு நாம் சந்தோஷப்படலாம். சற்றுப் பாடமும் கற்றுக்கொள்ளலாம்.

இனிமேல் அந்த வைத்தியர், “கை எப்படி இருக்கிறது?” என்று கேட்கட்டும். “அல்ஹம்து லில்லாஹ்” என்றே நோயாளி சொல்லட்டும்; அந்த நல்ல வார்த்தையை அவர் விட்டுவிட வேண்டியதில்லை. பிறகு பத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வலப்பக்கத்திலிருந்து படித்து, சாவியைத் திருப்ப முடிகிறதா என்ற கேள்விக்கு எதிரே நான்காவது கட்டத்தில் ஒரு வட்டம் போடுவார். வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்தவரை அழைக்காமல், நாற்காலியைச் சற்று அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.